வீட்டில் மெக்சிக்கோ தெருச் சோளம்: மயோனைஸ் வழுக்கி விழுகிறது, சோளமும் மெல்ல முடியவில்லை, என்ன பிழை?

ஹட்டன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் லீவுக்கு கொழும்பிலிருந்து அண்ணன் பிள்ளைகள் வருகிறார்கள். போன தடவை வந்தபோது மூத்தவள் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "அத்தை, இதைச் செய்து தாங்க" என்று கேட்டாள். மெக்சிக்கோவில் றோட்டோரம் விற்கிற சோளம். சுட்ட கதிரில் வெள்ளையாக எதையோ பூசி, சீஸில் புரட்டி, மிளகாய்த்தூள் தூவி, தேசிக்காய் பிழிந்து, குச்சியில் குத்திக் கையில் கொடுக்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் ஒன்றும் இல்லாததால் அடுத்த முறை செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர்கள் வருவதற்கு முன் ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் வைத்தேன். டவுனில் ஒரு கடையில் உரித்து பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்த கதிர் நாலு வாங்கினேன். கால் மணித்தியாலம் அவித்து, தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு கேஸ் நெருப்பில் காட்டினேன். கறுக்கவே இல்லை, புஸ்ஸென்று ஆவிதான் வந்தது. மயோனைஸ் பூசினால் அப்படியே வழிந்து தட்டில் இறங்குகிறது. சீஸுக்கு, பாணில் பூசுகிற முக்கோணத் துண்டைத்தான் பிய்த்துப் போட்டேன், அது பசை மாதிரி விரலில் ஒட்டியது. வழக்கமாகக் கறிக்குப் போடுகிற மிளகாய்த்தூளைத் தூவியதில் எங்கள் வீட்டுச் சின்னவனுக்குக் காரம் ஏறி அழுதுவிட்டான். சோளமும் மெல்ல மெல்லத் தீரவில்லை.

அதனால் கேட்கிறேன். எந்தச் சோளம் வாங்க வேண்டும்? அவர்கள் போடுகிற சீஸுக்கு இங்கே எது சரிவரும்? மாமி சைவம், முட்டை சேர்ந்த மயோனைஸைத் தொடமாட்டார், அவருக்கும் ஒன்று கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் விறகு அடுப்பும் இருக்கிறது, பக்கத்து மலையில் தேயிலைக் கவ்வாத்து முடிந்து, வெட்டிப்போட்ட மிலாறு (தேயிலைக் குச்சி) காய்ந்து கிடக்கிறது, அதில் சுடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பத்து நாள்தான் இருக்கிறது.


பண்டாரவளை அடுப்படி:

தங்கச்சி, நான் டோஹாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் ஆறு வருடம் நின்றவன், பக்கத்து மேசையில் இரண்டு மெக்சிக்கோக்காரர்கள் வேலை செய்தார்கள். இந்தச் சோளத்தை அவர்கள் கையால் சாப்பிட்டிருக்கிறேன், அவர்களோடு சேர்ந்து நூற்றுக்கணக்கில் செய்தும் இருக்கிறேன். கதிர் கறுக்காததற்கும் மயோனைஸ் வழிந்ததற்கும் ஒரே காரணம்தான், ஈரம்.

தண்ணீரிலிருந்து எடுத்த கதிரின் முத்துகளுக்கு நடுவில் நீர் நிற்கும். அது வற்றும்வரை நெருப்பு முத்தைக் கறுக்கவைக்காது, ஆவியை மட்டும் கிளப்பும். அந்த நீரின் மேல் பூசினால் எண்ணெய் கலந்த எதுவும் பிடிக்காது, மயோனைஸ் வழுக்குவது அதனால்தான். அவித்த கதிரைத் துணியால் துடைத்து அரை மணித்தியாலம் காற்றில் ஆறவிடுங்கள், முத்தின் தோல் சொரசொரவென்று காய்ந்தபிறகு நெருப்புக்குக் கொண்டுபோங்கள். அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுகிறமாதிரிச் சுட்டால் போதும், முழுக்கக் கருக்கினால் கசக்கும். அப்புறம் எடுத்த சூட்டோடு பூசாதீர்கள். கையில் பிடிக்கிற சூட்டுக்கு வந்தபிறகு மெல்லிசாகப் பூசி, உடனே சீஸில் உருட்டுங்கள். சீஸ் விழுந்ததும் பூச்சு அசையாது. தேசிக்காய் கடைசியில்தான், முதலில் பிழிந்தால் மறுபடியும் ஈரம் வந்துவிடும்.

அவர்கள் இதை எலோத்தே என்பார்கள். அந்த நாட்டுப் பழங்குடிகளின் நாவாட்டில் மொழியில் இளஞ்சோளத்துக்கு இருக்கிற சொல்லிலிருந்து வந்த பெயர். பூசுவது தனி மயோனைஸ் இல்லை, கிரேமா என்கிற, கொஞ்சம் புளித்த பாலேட்டைப் பாதிக்குப் பாதி அதோடு கலப்பார்கள். நமக்கு அதற்கு எருமைத் தயிர் இருக்கிறது. வெல்லவாயப் பக்கமிருந்து வருகிற மண்சட்டித் தயிரில் ஒரு கப் எடுத்துத் துணியில் கட்டி மூன்று மணித்தியாலம் தொங்கவிடுங்கள். நீர் இறங்கிக் கெட்டியாக வருவதில் இரண்டு மேசைக்கரண்டி, மயோனைஸ் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு பல் உள்ளியைத் துருவி, உப்பு ஒரு சிட்டிகை. நாலு கதிருக்கு இது காணும். மாமிக்கு மயோனைஸை விட்டுவிட்டு அந்தத் தயிரில் ஒரு கரண்டி உருகிய பட்டர் அடித்துச் சேருங்கள், முட்டை இல்லை, பிடிப்பும் குறையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே தணலில் சுட்ட கதிரை வெறும் தேசிக்காய், உப்பு, மிளகாயோடு தேய்த்துச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். மயோனைஸும் சீஸும் பெரும்பாலும் அவித்த கதிருக்குப் போவது. எங்களோடு நின்ற இரண்டு பேரில் ஒருவர் மயோனைஸைப் பக்கத்திலேயே விடமாட்டார். ஆகவே மாமிக்கு அப்படி ஒன்று தேய்த்துக் கொடுத்தாலும் குறைவாகக் கொடுத்ததாக நினைக்க வேண்டாம், அதுவும் அந்த ஊர்ச் சாப்பாடுதான்.

மிளகாய்க்கு: அவர்களுடைய காய்ந்த மிளகாய் பலதும் நிறமும் மணமும் கூடி, காரம் குறைந்தவை. நம்முடைய செத்தல் மிளகாயை அதே அளவு போட்டால் பிள்ளைகள் அழத்தான் செய்யும். பத்துச் செத்தல் எடுத்து விதையை முழுக்க உதறிவிட்டு, வெறும் சட்டியில் சிறு நெருப்பில் மணம் வரும்வரை வறுத்து, உப்போடு இடியுங்கள். கட்டைத்தூள் மாதிரிக் கொரகொரவென்று இருக்கட்டும். வறுத்த கறித்தூளை மட்டும் போட்டுவிடாதீர்கள், மல்லியும் சீரகமும் சேர்ந்தால் சோளம் கறி வாசம் அடிக்கும்.


எல்ல றோட்டு:

அண்ணன் மேலே பூசுவதைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் சோளத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் குடும்பம் எல்ல – வெல்லவாய றோட்டில் பெரிய பானை வைத்து அவித்த சோளம் விற்கிறது, அப்பா காலத்திலிருந்து.

அக்கா, கடையில் பிளாஸ்டிக் சுற்றியதை வாங்கவே வாங்காதீர்கள். மடல் உரித்த கதிர் எத்தனை நாள் பழசு என்று யாருக்கும் தெரியாது. பறித்த நிமிடத்திலிருந்து உள்ளே இருக்கிற சீனி மாவாக மாறத் தொடங்குகிறது. வெயிலில் ஒரு நாள் கிடந்தால் இனிப்பில் பாதி போய்விடும். அப்புறம் எவ்வளவு நேரம் அவித்தாலும் அந்த இனிப்பு திரும்பி வராது. உங்களுக்கு மெல்லத் தீராமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், முற்றின கதிராகவும் இருந்திருக்கலாம்.

மடலோடு வாங்குங்கள். மடல் பச்சையாக, கையில் ஈரமாக இருக்க வேண்டும், நுனி மயிர் மட்டும் காய்ந்து மண்ணிறமாக இருக்க வேண்டும். மடலைக் கொஞ்சம் விலக்கி ஒரு முத்தை நகத்தால் குத்துங்கள். பால் மாதிரி வந்தால் சரியான பருவம். வெறும் தண்ணீர் வந்தால் இன்னும் பிஞ்சு. களி மாதிரி வந்தால் முற்றிவிட்டது, அதைக் கோழிக்குத்தான் போடலாம். மயிர் வெளியே வந்து இருபது நாள் அளவில் பால் பிடிக்கும், அந்தப் பருவம் நாலைந்து நாள்தான் நிற்கும்.

ஸ்வீட் கோர்ன்தான் வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். நாங்கள் விற்பது ஸ்வீட் கோர்ன் இல்லை, மொனராகலை, மஹியங்கனை பக்கம் மாரி மழைக்கு விதைக்கிற சாதாரணச் சோளம். முற்றவிட்டால் அது கோழித்தீனிக்குப் போகும், பால் பருவத்தில் பறித்தால் பானைக்கு வரும். இனிப்பு குறைவு, ஆனால் முத்து பெரிசு, வாயில் நின்று மென்று சாப்பிடலாம். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் இனிப்பில்லை என்று சொல்வார்கள். போன வருடம் மெக்சிக்கோவிலிருந்து வந்த ஒரு ஜோடி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் ஊர்ச் சோளமும் இப்படித்தான் என்று சொல்லி மறுபடியும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். அது உண்மையா அண்ணே?

விலைக்குப் பேரம் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2018இல் சேனா படைப்புழு வந்ததிலிருந்து சோளம் போடுவது முந்தி மாதிரி இல்லை, இரவில் குருத்துக்குள் இறங்கித் தின்றுவிடும். அதுவும் சோளம் பிறந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் கிளம்பி, ஆபிரிக்கா, இந்தியா தாண்டி இங்கே வந்திருக்கிறது. காலையில் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக் காப்பாற்றிய கதிர்தான் உங்கள் கைக்கு வருகிறது.

இப்போது சீசன் தொடங்கிவிட்டது, ஐப்பசியில் விதைத்தது மார்கழிக் கடைசியில் பறிபடும். பொங்கலுக்கு நல்ல கதிர் கிடைக்கும். ஹட்டனுக்கு வருகிற மரக்கறி லொறிக்காரர்களிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள், கடைக்கு இறங்குமுன் எடுத்துக்கொள்ளலாம்.


பண்டாரவளை அடுப்படி:

உண்மைதான் தம்பி. அவர்கள் சுடுவது பெரும்பாலும் வெள்ளைச் சோளம், பெரிய முத்து, மாப்பிடிப்பு கூட. ஸ்வீட் கோர்ன் அமெரிக்கப் பக்கப் பழக்கம். சமையலறைக்குப் பெட்டி பெட்டியாக ஸ்வீட் கோர்ன்தான் வரும், அந்த இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் இது மிட்டாய் மாதிரி இருக்கிறது என்று சொல்வார்கள். இத்தனை வருடம் கழித்து அந்தச் சோளத்துக்கு நெருக்கமானது நம் றோட்டோரப் பானையில் வேகிறது என்று உங்கள் பதிவைப் பார்த்துத்தான் எனக்கு உறைக்கிறது.

ஆனால் அதை நேரே நெருப்பில் வைத்தால் வேகாது. ஸ்வீட் கோர்னைப் பச்சையாகவே தணலில் 10, 12 நிமிடம் புரட்டினால் போதும். நம் சோளத்தை முதலில் நன்றாக அவிக்க வேண்டும்.


நானுஓயா:

அவிக்கிற நேரத்தைப் பற்றி ஒரு விஷயம் சேர்க்கிறேன், மலையில் இருக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறோம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், இங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டன் கொஞ்சம் கீழே, அங்கேயும் 96ஐத் தாண்டாது. வீடியோவில் 15 நிமிடம் என்றால் அது கடல் மட்டத்துக் கணக்கு. கீழே அரை மணித்தியாலம் எடுக்கிற நாட்டுச் சோளத்துக்கு நாம் முக்கால் மணித்தியாலம் கொடுக்க வேண்டும், பருப்புக்கும் கடலைக்கும் கொடுக்கிற மாதிரித்தான். குக்கர் இருந்தால் கதிரை இரண்டாக முறித்து மூன்று விசில். நான் மடலில் உள்ளே இருக்கிற மெல்லிய இரண்டு மூன்றை விட்டுவைத்தே அவிப்பேன், மணம் தங்கும்.

சீஸுக்கு வருகிறேன். அவர்கள் போடுவதற்குப் பெயர் கோத்திஹா, மிச்சோவாக்கான் என்கிற மாநிலத்தில் இருக்கிற ஊரின் பெயர் அது. பசும்பாலில் செய்து, உப்பு தூக்கலாகப் போட்டு, மாதக்கணக்கில் உலரவிடுவார்கள். உருகாது, உதிரும். அக்கா போட்ட முக்கோணச் சீஸ் பாணில் பூசுவதற்கென்றே செய்தது, அதனால்தான் பசையானது. இங்கே கோத்திஹா கிடைக்காது, பெட்டாச் சீஸ் பெரிய கடைகளில் இருக்கும், விலை கட்டாது. வீட்டிலேயே செய்யலாம், எங்கள் வீட்டில் மாடு இருப்பதால் காலையில் பால் லொறிக்கு ஊற்றும் முன் இரண்டு லீற்றர் எடுத்துவைத்து மாதம் ஒரு தடவை செய்கிறோம்.

இரண்டு லீற்றர் பாலை அடி பிடிக்காமல் கிண்டிக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். மூன்று நாலு மேசைக்கரண்டி தேசிச்சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மெதுவாகக் கிளறினால் திரிந்து, இளம்பச்சையாக நீர் பிரியும். அந்த நீர் தெளியும்வரை அவசரப்படக் கூடாது, கலங்கலாக இருக்கும்போது வடித்தால் பாதிப் பால் ஓடிவிடும். துணியில் வடித்து, சூடாக இருக்கும்போதே ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைப் பிசைந்து, இறுக்கிக் கட்டி, மேலே அம்மிக்குழவியை ஏற்றி நாலு மணித்தியாலம் வையுங்கள். 300 கிராம் அளவில் ஒரு கட்டி வரும். இதை உடனே போட்டால் ஈரமாக இருக்கும், பன்னீர் மாதிரி. மறுபடி கொஞ்சம் உப்பைத் தேய்த்து, மூடாமல் ஒரு தட்டில் பிரிட்ஜுக்குள் மூன்று நாள் விடுங்கள், ஒவ்வொரு நாளும் திருப்பிப் போடுங்கள். வெளியே மஞ்சள் தட்டிக் காய்ந்து, கையால் நசுக்கினால் உதிரும். அதுதான் வேண்டும். வடித்த நீரை ஊற்றாதீர்கள், ரொட்டிக்கு மா குழைக்க அருமையாக இருக்கும்.

மாமிக்கும் இது ஒத்துவரும். கடைச் சீஸ் சிலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கிற பொருளைச் சேர்ப்பார்கள், சுத்தச் சைவம் பார்க்கிறவர்கள் அதைத் தவிர்ப்பார்கள். இதில் பாலும் தேசிக்காயும் உப்பும் மட்டும்தான்.


பதுளை வெங்காயம்:

இவ்வளவு பாடுபட்டுச் சீஸ் செய்ய வேண்டுமா? தேங்காய்ப்பூவை உப்புப் போட்டு வறுத்துத் தூவினால் போகாதா? மயோனைஸுக்குப் பதில் கட்டித் தேங்காய்ப்பால். நம் நாட்டுச் சாமானிலேயே முடித்துவிடலாம், செலவும் குறைவு. மெக்சிக்கோக்காரர் வந்து பார்க்கவா போகிறார்?


பண்டாரவளை அடுப்படி:

செய்து சாப்பிடுங்கள், சுவையாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு சாப்பாடு. தேங்காயில் இனிப்பும் எண்ணெயும் இருக்கிறது, உப்புப் புளிப்பு இல்லை. இந்தச் சோளத்தில் இனிப்பைச் சோளம் பார்த்துக்கொள்ளும், அதை எதிர்த்து நிற்கத்தான் உப்புச் சீஸும் புளித்த ஏடும் வருகின்றன. இனிப்பின் மேல் இனிப்பைப் போட்டால் இரண்டாவது கடியிலேயே திகட்டிவிடும். இன்னொரு ஊர்க்காரர் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுச் சரிபார்த்த ஒன்றை நாம் முதல் தடவை செய்யும்போதே மாற்றுவதில் எனக்கு மனம் இல்லை. ஒரு தடவை அவர்கள் செய்கிற மாதிரிச் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் நமக்குப் பிடித்த மாதிரி மாற்றலாம்.

நம் நாட்டுச் சாமான் என்று சொன்னீர்களே, அதையும் கொஞ்சம் பாருங்கள். சோளம் பிறந்தது தென்மெக்சிக்கோவில், ஏறக்குறைய 9000 வருடத்துக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து அங்கிருந்த மக்கள் கையால் தேர்ந்தெடுத்து வளர்த்தது. மிளகாயும் அந்தப் பக்கத்துதான், போர்த்துக்கேயர் கப்பலில் நம் பக்கம் வந்தது. தேசிக்காய் ஆசியாவிலிருந்து ஸ்பானியர் கையால் அங்கே போனது, மெக்சிக்கோத் தேசிக்காயும் நம் வீட்டுத் தேசிக்காயும் ஒரே இனம். ஆகவே கோத்திஹா ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஏற்கெனவே உங்கள் சமையலறையில் இருக்கிறது.

மிலாற்றைப் பற்றித் தங்கச்சி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. தாராளமாகச் சுடலாம், ஆனால் நல்ல காய்ந்ததாக எடுங்கள், பச்சை மிலாறு புகைந்து கதிரைக் கசக்க வைக்கும். மெல்லிய குச்சி சீக்கிரம் எரிந்து சாம்பலாகிவிடும், தணல் நிற்காது. விரல் பருமனுக்கு மேற்பட்ட தண்டுகளாகப் பொறுக்கி, கூட இரண்டு கருப்பந்தேயிலைக் (யூக்கலிப்டஸ்) கட்டை போடுங்கள். கொழுந்துவிட்டு எரியும்போது கதிரை வைக்காதீர்கள், சுவாலை அடங்கித் தணலானதும் வையுங்கள். முத்து வெடித்துத் தெறிக்கும், பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.


ஹட்டன்வாசி:

நேற்றுச் செய்தோம்! படம் போட முடியவில்லை, சிக்னல் இல்லை, எழுதிவிடுகிறேன்.

மரக்கறி லொறிக்காரத் தம்பியிடம் சொல்லிவைத்து மஹியங்கனைச் சோளம் பதினைந்து கதிர் எடுத்தேன். நகத்தால் குத்திப் பார்த்ததில் பதின்மூன்றில் பால் வந்தது, இரண்டு முற்றல், அதைப் பக்கத்து வீட்டுக் கோழிக்குக் கொடுத்தேன். மடலோடு முக்கால் மணித்தியாலம் அவித்தேன், துடைத்து வாசலில் சுளகில் பரப்பிக் காயவிட்டேன். சீஸை நாலு நாளைக்கு முன்பே செய்துவிட்டேன், இரண்டு லீற்றர் பாலில் 280 கிராம் வந்தது. அம்மிக்குழவியை ஏற்றும்போது மாமி இது என்ன வேலை என்று பார்த்துக்கொண்டிருந்தார், நாலாம் நாள் ஒரு துண்டை உதிர்த்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு இதை மாதாமாதம் செய் என்றார்.

வீட்டுக்காரர் பின்பக்கம் மூன்று கல் வைத்து மிலாறு மூட்டினார். குளிர் நல்லாகவே இருந்தது, பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். காய்ந்த கதிர் தணலில் பட்டதும் சடசடவென்று கறுப்புப் புள்ளி விழுந்தது, போன தடவை வந்த புஸ் சத்தமே இல்லை. தயிரும் மயோனைஸும் கலந்தது பூசின இடத்திலேயே நின்றது. ஒரு சொட்டுக்கூடத் தட்டில் விழவில்லை. மிளகாயை விதை உதறி வறுத்து இடித்ததில் காரம் குறைந்து, ஒரு புகை மணம் வந்தது, சின்னவனே இரண்டாவது கேட்டு வாங்கினான். மாமிக்குத் தயிரும் பட்டரும் பூசி ஒன்று கொடுத்தேன். அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, அண்ணன் சொன்ன மாதிரி வெறும் தேசிக்காய் உப்பு மிளகாய் தேய்த்ததையும் கேட்டார், அவருக்கு அதுதான் கூடப் பிடித்தது. சின்ன வயதில் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் சோளம் போட்டுச் சுட்டு இப்படித்தான் உப்பும் கொச்சிக்காயும் தேய்த்துத் தின்றோம் என்று சொன்னார். முப்பது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அவர் சோளம் போட்ட கதையை நேற்றுத்தான் முதல் தடவை கேட்டேன்.

மூத்தவள் மட்டும் கதிரைக் கடிக்கப் பல் கம்பி தடுக்கிறது என்று சொன்னாள். அவளுக்கு முத்தைக் கத்தியால் சீவி ஒரு கோப்பையில் போட்டு மேலே எல்லாவற்றையும் கலந்து கொடுத்தேன். அப்படியும் செய்வார்களா அண்ணே?


பண்டாரவளை அடுப்படி:

செய்வார்கள், அதற்கு எஸ்கீத்தேஸ் என்று தனிப் பெயரே இருக்கிறது. வண்டிக்காரரிடம் கோப்பையில் கேட்டு வாங்கிக் கரண்டியால் சாப்பிடுவார்கள். முத்தை உதிர்த்து, எப்பசோத்தே என்கிற ஒரு மூலிகைத் தழையோடு வேகவைத்து, அந்தச் சூட்டுச் சாறும் கொஞ்சம் கோப்பையில் விடுவார்கள். அந்தத் தழை இங்கே இல்லை, கொத்தமல்லித் தழை நறுக்கிப் போடுங்கள். இந்தக் குளிருக்குக் கதிரைவிட அதுதான் பொருத்தம், கோப்பை கையைச் சுட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த தடவை கதிர் அவித்த தண்ணீரை ஊற்றிவிடாமல் ஒரு குவளை எடுத்து வையுங்கள்.


எல்ல றோட்டு:

அக்கா, மாமியிடம் எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்தில் சோளம் போட்டார்கள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? ஹட்டன் குளிருக்குச் சோளம் சரியாக வராது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விதை வைத்திருந்தால் இரண்டு கதிர் எனக்கு வேண்டும், லொறிக்காரத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள், காசு நான் கொடுக்கிறேன்.